பொலபொலவென உதிரும் நினைவு

உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலின் வழியே பிறர்க்குப் புலனாகும் நிலையை மெய்ப்பாடு என்றார் தொல்காப்பியர். நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்த அவர், ஒவ்வொன்றும் எவ்வெவற்றை நிலைக்களனாகக் கொண்டு பிறக்கும் என்பதையும் வரையறுத்தார். அழுகைக்கு அவர் கூறும் நிலைக்களன்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இவற்றுள் இழப்பைக் குறிக்கும் இழவு இரண்டாவதாகவே நிற்கின்றது. பிறரால் இகழப்படுதலாகிய இளிவு முன்னே நிற்கின்றது. இவ்வரிசைக்குத் தனிக்காரணம் உண்டா என்பதை உரைவல்லார்க்கு விட்டுவிடுவோம். குழந்தையின் அழுகையைக் கூர்ந்து நோக்குவோர்க்கோ இவ்வரிசை பெரிதும் பொருத்தமாகத் தோன்றும். இழப்பதற்குக் குழந்தையிடம் உடைமை என்று பெரிதாக என்ன இருக்கின்றது? தன் சொல்லை ஒருவரும் பொருட்படுத்தவில்லை, தன்னைச் சுற்றியிருந்தோர் சிரித்துவிட்டனர், தனக்குக் கிடைக்க வேண்டியது அடுத்தவளுக்குப் போயிற்று என்பனவே அதன் துயரங்கள். அதன் கண்ணீர் பெரும்பாலும் இளிவின் கண்ணீரே.

இவ்வுண்மையை நுட்பமாக எடுத்துக்காட்டும் கலைப்படைப்பு ஒன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அது காவியமோ நாவலோ நாடகமோ அன்று. கையால் வரைந்த சித்திரங்களை அசையச் செய்து எடுத்த திரைப்படம். நம்மவர் இவ்வகைப் படங்களைக் 'கார்ட்டூன்' என்ற ஒரே சொல்லில் அடக்கி, பிள்ளைகளைத் தொலைக்காட்சியின் முன் அமர்த்திவிட்டுத் தம் வேலையைப் பார்க்கச் சென்றுவிடுவர். பூனையும் எலியும் துரத்திக்கொள்ளும் விளையாட்டுக்கு மேல் அக்கலைக்கு எட்டாது என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. இவ்வெண்ணம் பொருந்தாது என்பதும், குழந்தைமையின் நினைவைக் கூறுவதற்கு இக்கலைக்குத் தனியாற்றல் ஒன்று உண்டு என்பதும் நம் கருத்து. அவ்வாற்றல் எது? மறக்கத் தெரிந்திருத்தல் என்று ஒரு தொடரில் கூறிவிடலாம். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் படைப்பாளியும்

1991ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த இப்படத்தின் பெயர் 'ஓமோஹிதே பொரோபொரோ'. ஆங்கிலம் பேசும் உலகில் 'ஒன்லி யெஸ்டர்டே' என்னும் பெயரால் அறியப்படுவது. ஆங்கிலக் குரல் சேர்த்த பதிப்பு வெளிவந்ததோ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2016இல்தான். இதனை இயக்கியவர் இசாவோ தகஹாதா. 1935இல் பிறந்து 2018இல் மறைந்த இவர், 1985இல் தோன்றிய புகழ்பெற்ற ஜிப்லி சித்திரப்படக் கூடத்தை நிறுவியவர்களுள் ஒருவர். 1945ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் ஒகாயாமா நகரின்மீது குண்டுமழை பொழிந்த இரவில், ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்து உயிர் தப்பியவர். போரில் பெற்றோரை இழந்த அண்ணனும் தங்கையும் பசியால் மடிவதைக் கூறும் 'மின்மினிகளின் கல்லறை' என்னும் படத்தை 1988இல் எடுத்து உலகை உருக்கியவரும் இவரே.

அத்தகைய பேரவலத்தைப் படைத்தவர், அடுத்த படத்திற்கு எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறிது. முன்னதில் குழந்தை பட்டினியால் மடிகின்றது. பின்னதில் அன்னாசிப்பழம் இனிக்கவில்லை. முன்னதில் நகரமே எரிகின்றது. பின்னதில் கணக்குத் தேர்வில் மதிப்பெண் குறைகின்றது. இவ்வளவு சிறிய பொருளில் இரண்டு மணி நேரப் படத்திற்கு என்ன இருக்கின்றது என்று கேட்போர்க்கு, அப்பெயரே விடை கூறுகின்றது.

'ஓமோஹிதே' என்பது நினைவு. 'பொரோபொரோ' என்பது கண்ணீர்த்துளி போன்றவை ஒன்றன்பின் ஒன்றாக உதிர்வதைச் சுட்டும் ஒலிக்குறிப்பு; நம் இரட்டைக்கிளவியை ஒத்தது. கண்ணீர் பொலபொலவென உதிர்ந்தது என்று நாமும் கூறுகின்றோம் அல்லவா? ஜப்பானியரின் பொரோபொரோவும் நம் பொலபொலவும் இத்துணை நெருங்கி ஒலிப்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் ஆங்கிலப் பெயரில் காணாமற்போன நயத்தைத் தமிழர் கேட்ட மாத்திரத்தில் உணர்ந்துகொள்ள அது துணை செய்கின்றது. நினைவை நாம் தேடி எடுப்பதில்லை. கண்ணீரைப் போல அது நம் விருப்பத்தைக் கேளாமல் தானே உதிர்கின்றது. இப்படத்தின் கதைப்போக்கு முழுவதும் இப்பெயருக்குள் அடங்கிக் கிடக்கின்றது.

கதை

தயேகோ டோக்கியோ நகரில் பிறந்து வளர்ந்து, அங்கேயே ஓர் அலுவலகத்தில் பணிபுரியும் பெண். ஆண்டு 1982, அவளுக்கு வயது இருபத்தேழு. மணமாகவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு, வடகிழக்கே யாமாகாதா மாவட்டத்தில் தன் அக்காள் கணவரின் உறவினர் பண்ணைக்குச் செந்துருக்கப் பூப்பறிப்பில் உதவச் செல்கின்றாள். குசும்பா என்றும் கூறப்படும் இச்செடியின் பூவிலிருந்துதான் அந்நாட்டில் பண்டுதொட்டு உதட்டுச்சாயமும் துணிச்சாயமும் எடுத்து வந்தனர். செடியில் முள் உண்டு. ஆதலின் பனியின் ஈரத்தில் முள் மென்மையாக இருக்கும் விடியற்பொழுதில் பூவைப் பறிப்பர்.

இரவு ரயில் ஏறியதுமே, 1966ஆம் ஆண்டில் ஐந்தாம் வகுப்பு மாணவியாக இருந்த பத்து வயதுத் தயேகோ அவளுடன் தொற்றிக்கொள்கின்றாள். பூப்பறிக்கும்போதும், ஊர்ப்பெண்களுடன் உரையாடும்போதும், இயற்கை வேளாண்மையில் ஈடுபட்ட தோஷியோ என்னும் இளைஞனுடன் காரில் செல்லும்போதும் அச்சிறுமி வந்து வந்து போகின்றாள். கதை இவ்வளவே. ஹொதாரு ஒகாமோதோ கதை எழுத, யூகோ தோனே படம் வரைந்த சித்திரக்கதை நூலே இதற்கு மூலம். மூலநூலில் இருப்பது சிறுமி மட்டுமே. வளர்ந்த தயேகோவைச் சேர்த்தவர் தகஹாதா. இச்சேர்க்கைதான் படத்தின் உயிர்நிலை. சிறுமி மட்டும் இருந்தால் அது குழந்தைப்பருவத்தைப் பற்றிய கதை. அவளை நினைத்துப் பார்க்கும் பெண்ணும் இருப்பதால் நினைவைப் பற்றிய கதையாகின்றது.

இருவகைக் கோடுகள்

1982ஆம் ஆண்டு நிகழும் காட்சிகளையும் 1966ஆம் ஆண்டுக் காட்சிகளையும் தகஹாதா ஒரே முறையில் வரைவிக்கவில்லை. அவர் தம் கையால் வரைபவர் அல்லர். பிறரை வரையச் செய்து இயக்குபவர். பாத்திரங்களின் உருவை அமைத்த யோஷிஃபுமி கோண்டோவும், பின்புல ஓவியங்களுக்குப் பொறுப்பேற்ற கஸுவோ ஓகாவும் அவர் கருத்துக்குக் கைகளாக அமைந்தனர்.

நிகழ்காலக் காட்சிகளில் எல்லாம் நிறைந்திருக்கின்றன. வயலின் ஒவ்வொரு பூவும், மலைச்சரிவின் ஒவ்வோர் ஒளிமாற்றமும் சட்டத்தின் நான்கு விளிம்பு வரையிலும் தீட்டப்பட்டுள்ளன. மனித முகமும் அவ்வாறே. ஜப்பானில் பொதுவாகப் படம் வரைந்த பின்னரே குரல் சேர்ப்பர். இங்கோ, வளர்ந்தோர் காட்சிகளுக்கு நடிகர்களின் குரலை முன்னதாகவே பதிவு செய்து, பேசுங்கால் முகத்தசைகள் அசையும் முறையைக் கண்டு வரைந்தனர். தயேகோ சிரித்தால் கன்னத்தில் கோடு விழுகின்றது.

கடந்தகாலக் காட்சிகளிலோ நிறம் வெளிறி, நீர்வண்ண ஓவியம்போல் கரைந்து நிற்கின்றது. சிறுமியின் முகம் சில கோடுகளில் முடிந்துவிடுகின்றது. அறையின் நடுவே உணவு மேசை தெரியும். அதனைச் சுற்றி அமர்ந்த குடும்பத்தார் தெரிவர். சுவரை நோக்கிச் செல்லச் செல்ல வண்ணம் குன்றி, விளிம்பில் வெறும் வெள்ளைத்தாளே எஞ்சும். தெருவில் இரண்டு வீடுகள் இருக்கும். மூன்றாவது வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இராது.

இவ்வெள்ளை விளிம்பை அழகுக்காகச் செய்த உத்தி என்று சிலர் கருதக்கூடும். நாம் அதனை நேர்மை என்போம். பத்து வயதில் நடந்ததை இருபத்தேழு வயதில் நினைப்பவளுக்கு அவ்வறையின் சுவர்க்கடிகாரமோ சன்னல்திரையோ நினைவில் இராது. மேசைமேல் வைத்த பழமும் அப்பாவின் முகமும் நினைவிருக்கும். நினைவில் இல்லாததை வரையாமல் விடும் உரிமை ஓவியனுக்கு உண்டு. ஒளிப்படக் கருவிக்கு அவ்வுரிமை எளிதில் வாய்ப்பதில்லை. தன்முன் இருப்பதையெல்லாம் அது ஒருங்கே பதிந்துவிடுகின்றது. அதற்கு மறக்கத் தெரியாது. கையால் வரைபவனோ ஒவ்வொரு கோட்டையும் வேண்டும் என்று கருதியே இடுகின்றான். ஆகவே அவன் இடாமல் விட்ட இடமும் பொருள் பெறுகின்றது.

பழமும் பின்னமும்

வெள்ளைத்தாளின் நடுவே எஞ்சி நிற்கும் நினைவுகள் எத்தகையவை என்பதை இனிக் காண்போம்.

தகரக்குவளையில் அடைத்த அன்னாசித்துண்டுகளை மட்டுமே அறிந்திருந்த அக்குடும்பத்திற்கு முதன்முறையாக முழுப்பழம் ஒன்று வருகின்றது. அதனை எவ்வாறு அரிவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வழி தெரிந்து அரிந்த அன்று குடும்பமே கூடி அமர்கின்றது. பழம் கடினமாக இருக்கின்றது, இனிப்பும் இல்லை. ஒவ்வொருவராகத் தட்டை நகர்த்திவிட்டு எழுகின்றனர். சிறுமி மட்டும் மென்றுகொண்டே இருக்கின்றாள். அவள் அழவில்லை, பேசவில்லை. ஆசைப்பட்டது தானே என்பதற்காக அவ்வேமாற்றத்தைக் கடைசித் துண்டுவரை தின்று தீர்க்கும் அக்கடமையுணர்ச்சியை, தாடையின் மெதுவான அசைவு ஒன்றினாலேயே காட்டிவிடுகின்றனர்.

அடுத்தது பின்ன வகுத்தல். மூன்றில் இரண்டு பங்கை நான்கில் ஒன்றால் வகுக்க வேண்டும். இரண்டாம் எண்ணைத் தலைகீழாக்கிப் பெருக்கிவிடு என்கின்றாள் அக்காள். சிறுமியோ ஓர் ஆப்பிள் பழத்தை வரைந்து, அதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்து, நான்கு பேருக்குப் பங்கிட்டு, ஆறில் ஒன்று என விடை காண்கின்றாள். அவள் செய்தது பெருக்கல்; வகுத்தல் அன்று. ஆனால் பழத்தில் மூன்றில் இரண்டை நான்கில் ஒன்றால் வகுப்பது என்றால் என்ன பொருள் என்ற அவள் வினா நேர்மையானது. அதற்கு அக்காளிடம் விடையில்லை, அம்மாவிடமும் இல்லை. இவளுக்கு மூளையில் ஏதோ குறை என்பதுபோல் வீட்டார் பேசிக்கொள்வது அவள் காதில் விழுகின்றது. பொருளைக் கேட்டவள் மந்தமானவள் ஆனாள். பொருளைக் கேளாமல் விதியைப் பின்பற்றியவர்கள் தேறிவிட்டனர். தலைகீழாக்கிப் பெருக்கத் தயங்காதோர்க்குப் பிற்கால வாழ்வும் தடையின்றிச் செல்கின்றது என்பது வளர்ந்த தயேகோவின் எண்ணம். கோப்புகளுக்கிடையே வாழ்நாளைக் கழிக்கும் நம்போன்றோர் இவ்விடத்தில் புன்னகை பூக்காமல் இருக்கவியலாது.

பள்ளி நாடகத்தில் ஒரே ஒரு வரி பேசும் வேடம் கிடைக்க, அதனைத் தன் கற்பனையால் மெருகேற்றி நடித்துவிடுகின்றாள் சிறுமி. கல்லூரி மாணவரின் நாடகக்குழு அவளைக் கேட்டு வருகின்றது. தந்தை ஒரு சொல்லில் மறுக்கின்றார். வாய்ப்பு வேறொரு மாணவிக்குப் போகின்றது. மற்றொரு நாள், கைப்பைக்காகப் பிணங்கி, வெளியே புறப்பட்டவர்களின் பின்னே வெறுங்காலுடன் வாசலுக்கு ஓடிவந்தவளைத் தந்தை அறைகின்றார். வாழ்நாளில் அவர் அவளை அடித்தது அவ்வொரு முறைதான். ஒரே முறை ஏன் என்பது அவளுக்கு இன்றளவும் விளங்கவில்லை. பல முறை அடித்திருந்தால் மறந்திருப்பாளோ என்னவோ!

இவற்றுள் ஒன்றேனும் பெருந்துன்பம் அன்று. ஒவ்வொன்றும் இளிவு. ஊர் எரிந்ததை வரலாறு எழுதிவைக்கும். அன்னாசிப்பழத்தை யார் எழுதுவார்? அதனைச் சுமப்பவள் அச்சிறுமி ஒருத்தியே. தகஹாதா இவ்விரு படங்களிலும் செய்தது ஒரே செயல்தான் என்று நாம் கருதுகின்றோம்: குழந்தையின் துயரத்தைப் பெரியோரின் அளவுகோலால் அளக்க மறுத்தல்.

மகிழ்ச்சியும் உண்டு. பக்கத்து வகுப்பில் பந்தாட்டத்தில் தேர்ந்த ஹிரோதா என்னும் சிறுவன், அந்தி மயங்கும் வேளையில் தெருமுனையில் அவளை எதிர்கொள்கின்றான். இருவருக்கும் பேச நா எழவில்லை. மழைநாள், மூட்டமான நாள், வெயில்நாள் இவற்றுள் உனக்கு எது பிடிக்கும் என்கின்றான். மூட்டமான நாள் என்கின்றாள். தனக்கும் அதுவே என்று கூறிவிட்டு ஓடுகின்றான். அவ்வளவுதான். சிறுமி காற்றில் படியேறி, வானத்தில் நீந்தி, தன் படுக்கையில் வந்து இறங்குகின்றாள். நினைவுக்காட்சிகள் எல்லாம் அடக்கமாக வரையப்பட்ட படத்தில், இவ்விடம் ஒரு கணம் நிலத்தை விட்டெழுகின்றது. உவகை என்னும் மெய்ப்பாடு மெய்யையே தூக்கிச் செல்வதை இதனினும் சுருங்கக் காட்ட இயலாது.

கை குலுக்காத சிறுவன்

படத்தின் பிற்பகுதியில் பண்ணைவீட்டுப் பாட்டி, தோஷியோவை மணந்து இங்கேயே இருந்துவிடேன் என்கின்றாள். தயேகோ திகைத்து, மழையிரவில் வெளியே ஓடிவிடுகின்றாள். டோக்கியோவில் பிறந்த அவளுக்குச் சொந்தக் கிராமம் என ஒன்று இருந்ததில்லை. கோடை விடுமுறையில் உடன்படித்தோர் ஊருக்குச் செல்வதைக் கண்டு ஏங்கியவள் அவள். ஆகவே இக்கிராமத்தைப் புகழ்ந்து புகழ்ந்து பேசிவந்தாள். இங்கு வாழ்வாயா என்று கேட்டதும், தன் புகழ்ச்சியின் ஆழம் எவ்வளவு என்பது அவளுக்கே தெரிந்துவிடுகின்றது.

அந்நேரத்தில் உதிர்கின்றது இறுதி நினைவு. வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்த ஆபே என்னும் ஏழைச் சிறுவன். உடை அழுக்கு, நடத்தை முரடு. மற்ற மாணவியர் அவனை வெளிப்படையாக இழித்துப் பேசினர். தயேகோ அப்பேச்சில் சேர்ந்துகொள்ளவில்லை. ஆனால் உள்ளத்தால் அவனை மிகுதியாக வெறுத்தவள் தானே என்பது அவளுக்குத் தெரியும். அவன் பள்ளியை விட்டுப் போகும் நாளில் எல்லோருடனும் கை குலுக்கிவிட்டு, உன்னோடு குலுக்கமாட்டேன் என்று அவளிடம் மட்டும் கூறிச் செல்கின்றான். தன் பாசாங்கை அவன் கண்டுகொண்டான் என்று பதினாறு ஆண்டுகளாக அவள் நம்பிவந்திருக்கின்றாள். தோஷியோ வேறு விளக்கம் தருகின்றான்: தன் மனத்தை மறைக்காமல் காட்டும் அளவுக்கு அவன் அவளிடம் மட்டும் நெருக்கம் உணர்ந்திருக்கலாம் என்று. எது உண்மை? படம் தீர்ப்புக் கூறவில்லை.

இதுவரை இளிவுற்றவளாக இருந்த சிறுமி, இவ்விடத்தில் இன்னொருவனுக்கு இளிவு செய்தவளாக நிற்கின்றாள். நிலைக்களன்களுள் வறுமையும் இங்கு வந்து சேர்கின்றது. நினைவு என்பது நமக்கு நேர்ந்த கொடுமைகளின் பட்டியலாக மட்டும் இருந்திருந்தால் இது சாதாரணப் படம். நாம் பிறர்க்குச் செய்ததும் அப்பட்டியலில் உண்டு, அது கடைசியாகவே உதிரும் என்று காட்டியதால் உயர்ந்த படம்.

இவ்விடத்தில் புறநானூற்றின் 243ஆம் பாடல் நினைவுக்கு வருகின்றது. தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர் பாடியது. கோலூன்றி, இருமலுக்கிடையே சில சொல் பேசும் முதியவர், மருதமரக் கிளையேறி, கரையில் உள்ளோர் வியக்க, மடுவில் குதித்து அடிமணலைக் கொண்டுவந்த இளமையை எண்ணி இரங்குகின்றார். அவருக்கு இளமை என்பது வெற்றி, அது போய்விட்டது, ஆதலால் இரக்கம். தயேகோவுக்கோ குழந்தைமை என்பது தீராத கணக்கு, அது போகவில்லை, ஆதலால் நாணம். ஒன்று முதுமையின் நினைவு, மற்றது நடுவயதை நெருங்குவோரின் நினைவு. இரண்டும் உண்மையே. ஆனால் நம் காலத்து எழுத்தாளர் பலர் முன்னதை மட்டுமே அறிந்தவர்போல எழுதிக்கொண்டிருக்கின்றனர் என்பதே நம் குறை.

படத்தின் குறைகள்

குறைகளையும் கூறாவிடின் திறனாய்வு பாராட்டுரையாகிவிடும். வளர்ந்தோர் முகத்தில் விழும் கன்னக்கோடுகள், அசையும்போது இயல்பாகத் தோன்றினும், அசையாமல் நிற்கும் நொடிகளில் இருபத்தேழு வயதுப் பெண்ணை நாற்பது வயதினள்போல் காட்டிவிடுகின்றன. உண்மையை எட்டிப்பிடிக்க முயன்ற கோடு, ஓரளவுக்கு மேல் உண்மையிலிருந்து விலகுகின்றது. மேலும், இயற்கை எனத் தோன்றும் நாட்டுப்புறம் முழுவதும் உழவரின் கையால் உருவானது என்று தோஷியோ விளக்குமிடம் கருத்தளவில் சிறந்ததாயினும், பாத்திரத்தின் வாயில் ஆசிரியரே வந்து அமர்ந்துகொண்டதுபோல் நீள்கின்றது.

முடிவைப் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. ஊர் திரும்பும் ரயிலில் அமர்ந்த தயேகோவைப் பள்ளித்தோழர் சூழச் சிறுமி வந்து தூண்ட, அவள் இறங்கித் தோஷியோவிடம் திரும்புகின்றாள். இது எளிய இன்பமுடிவு என்பர் சிலர். அவர்கள் இறுதிக்காட்சியை உற்று நோக்க வேண்டும். கார் சென்றபின் பின்தங்கி நிற்கும் சிறுமியின் முகத்தில் களிப்பு இல்லை. அவள் பணி முடிந்தது. இனி அவளை யாரும் அழைக்கப்போவதில்லை. கணக்குத் தீர்ந்தவுடன் நினைவும் விடைபெறுகின்றது.

ஒப்புநோக்கு

மறதியை வரைந்த கலைஞர் தகஹாதா ஒருவர் மட்டும் அல்லர். சோவியத் ரஷ்யாவில் யூரி நோர்ஷ்டைன் 1979இல் எடுத்த 'கதைகளின் கதை' ஏறத்தாழ அரைமணி நேரமே ஓடுவது. அவர் மனைவி ஃபிரான்செஸ்கா யார்பூசோவா வரைந்த உருவங்களைத் துண்டுகளாக வெட்டி, அடுக்கடுக்கான கண்ணாடித் தளங்களில் வைத்து நகர்த்திப் படம்பிடித்தனர். தாலாட்டில் வரும் சாம்பல்நிற ஓநாய்க்குட்டி, கைவிடப்பட்ட பழைய வீட்டில் திரிகின்றது. இணையிணையாக நடனமாடும் இளைஞர்களில் ஆடவர் ஒவ்வொருவராக மறைய, பெண்கள் மட்டும் வெறுங்காற்றை அணைத்தபடி நிற்கின்றனர். போர் என்று ஒரு சொல் இல்லை. அவரிடம் மறதி இருளாகவும் பனிமூட்டமாகவும் வருகின்றது. நினைவு அதற்குள் ஒளிரும் கதவாகத் திறக்கின்றது.

டச்சுக் கலைஞர் மைக்கேல் டுடோக் டி விட் 2000ஆம் ஆண்டில் படைத்த 'தந்தையும் மகளும்' எட்டு நிமிடப் படம். ஆஸ்கர் விருது பெற்றது. படகேறிச் சென்ற தந்தை திரும்பவில்லை. மகள் மிதிவண்டியில் அதே கரைக்கு வாழ்நாள் முழுவதும் வந்து வந்து போகின்றாள். பேச்சே இல்லை. பரந்த வானும் தட்டையான நிலமும் தவிர வேறொன்றும் இல்லை. இவ்வெறுமை தந்தையை இழந்த குழந்தைக்கு உலகம் எவ்வளவு பெரிதாகிவிடும் என்பதன் அளவு.

தகஹாதாவும் இவ்வழியில் மேலும் நடந்தார். 2013இல் வெளிவந்த அவருடைய கடைசிப் படமான 'இளவரசி காகுயா'வில், மாளிகை வாழ்வை வெறுத்து ஓடும் பெண்ணின் சினமும் துயரும் பெருகப் பெருக, கோடுகள் தாமே கரித்துண்டின் கிறுக்கல்களாகச் சிதறுகின்றன. முகம் காட்ட வேண்டியதைக் கோடே காட்டிவிடுகின்றது. கோட்டுக்கே மெய்ப்பாடு வந்துவிட்டது எனலாம்.

ஒளிப்படக் கருவி குழந்தைமையைக் காட்டவில்லையா என ஒருவர் வினவலாம். 1955இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யைக் கண்டவர் அவ்வாறு வினவுவது நியாயமே. நாணற்பூக்களுக்கிடையே ரயிலைக் காண ஓடும் துர்காவையும் அபுவையும் மறக்கவியலுமா? ஆனால் ராய் காட்டுவது நிகழும் குழந்தைமை. அங்கு நினைத்துப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை. எல்லாம் அக்கணமே நடக்கின்றது. நாம் கூறுவது நினைக்கப்படும் குழந்தைமையைப் பற்றி. அந்நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தபோதுதான் ராயின் உள்ளத்தில் திரைப்படமே முளைவிட்டது என்பதையும் நினைவில் கொள்ளத் தகும்.

முடிவுரை

1995இல் 'டாய் ஸ்டோரி' முழுநீளப் படமாக வெளிவந்தது முதல், கணிப்பொறியே சித்திரப்படங்களின் பெருங்கருவியாகிவிட்டது. அதனால் பொம்மையின் ஒவ்வொரு நூலிழையையும், விலங்கின் ஒவ்வொரு மயிரையும் காட்ட இயல்கின்றது. அத்திறனை நாம் குறைத்துக் கூறவில்லை. கையால் வரையும் மரபும் அழிந்துவிடவில்லை. தகஹாதாவின் தோழர் ஹயாவோ மியாசாகி தம் முதுமையில் படைத்த 'சிறுவனும் நாரையும்' 2024இல் ஆஸ்கர் பெற்றது. ஆயினும் எல்லாவற்றையும் காட்ட வல்ல கருவிக்கு முன்னால், எதனைக் காட்டாமல் விடுவது என்று அறிந்த கலைஞரின் அருமை மிகுகின்றது.

இப்படம் நமக்கு, அதாவது பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் பிழைப்பு நடத்தும் தமிழர்க்கு, தனிப்பட்ட முறையில் ஒன்றைக் கூறுகின்றது. நாம் நம் ஊரையும் இளமையையும் நினைக்கும்போது விளிம்பு வரை வண்ணம் பூசிவிடுகின்றோம். ஆறு எப்போதும் நிறைந்தே ஓடும். தேர் எப்போதும் அசைந்தே வரும். எல்லோரும் அன்பாகவே இருந்தனர். வகுப்பில் பக்கத்தில் அமர்ந்த ஏழைச் சிறுவன் மட்டும் அச்சித்திரத்தில் இடம்பெறுவதில்லை. தகஹாதா அவ்வண்ணத்தைக் கரைத்துவிட்டு, வெள்ளைத்தாளின் நடுவே அச்சிறுவனை நிறுத்துகின்றார். கை குலுக்கவில்லை என்று நாணும் நெஞ்சமே தன் குழந்தைமையை உண்மையாக நினைக்கும் நெஞ்சம். மறந்ததை மறந்தது என ஒப்பி வெள்ளையாக விடும் கலையே, மறக்கவியலாததைக் கூறும் தகுதி பெறுகின்றது. குழந்தைகளுக்கு உரியது என்று நாம் ஒதுக்கிவைத்த கலைவடிவம் ஒன்று, குழந்தைகளாக இருந்த நம் எல்லோர்க்கும் உரியது என்பதை இப்படம் ஐயமின்றி நிறுவிவிட்டது.